பக்கத்து வீட்டுக்கு 5,700, எனக்கு 17,800: சொத்து மதிப்பீட்டு வரம்பு யாரைக் காப்பாற்றுகிறது?

புதுவீட்டுக்காரன்

கவுன்ட்டியிலிருந்து (மாவட்ட நிர்வாகம் மாதிரி) சொத்து வரிச் சீட்டு வந்திருக்கிறது. ஆண்டுக்கு 17,800 டாலர். பாதியை டிசம்பர் 10க்குள் கட்ட வேண்டும், மீதியை ஏப்ரல் 10க்குள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் 2021 மார்ச்சில் 14 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு. தெரிந்துதான் வாங்கினேன், அதற்காகப் புலம்ப வரவில்லை.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். சும்மா இருக்காமல் பக்கத்து வீட்டு விவரத்தைக் கவுன்ட்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே தெரு, ஒரே காலத்தில் கட்டிய வீடுகள், அவர்களுக்கு ஒரு படுக்கையறை கூடுதல். அவர்கள் கட்டுவது 5,700. 1996இல் 2,90,000க்கு வாங்கியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், மரத்தில் எலுமிச்சை காய்த்தால் முதல் பை எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் போவது ஒரே பள்ளிக்கூடம், தீப்பிடித்தால் வருவது ஒரே வண்டி. மூன்று மடங்கு வித்தியாசம் எதற்கு?

இங்கே கலிபோர்னியாவில், வரி போடுவதற்காகக் கவுன்ட்டி கணக்கிடும் வீட்டு மதிப்பை, அதாவது மதிப்பீட்டை, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற விதி வீட்டுக்காரர்களின் பாதுகாப்புக்கு என்கிறார்கள். நானும் வீட்டுக்காரன்தானே?

பழைய_பறவை

தம்பி, நான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆள். 1994இல் வாங்கினேன். அன்றைக்கு அந்த விலையே எங்களுக்குக் கழுத்தை நெரித்தது, அதை இன்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. 2001இல் எனக்கு வேலை போனது, பதினோரு மாதம் வீட்டில் இருந்தேன். அப்போது என் தெருவில் வீட்டு விலை நான் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வரியும் அதோடு ஏறியிருந்தால் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பேன். வீட்டு விலை ஏறினால் என் சம்பளம் ஏறிவிடுமா? விற்றால்தானே காசு?

1978இல் புரொப்போசிஷன் 13 (மக்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய சட்டத் திருத்தம், சுருக்கமாக ப்ராப் 13) வந்ததே இதற்காகத்தான். அந்த ஆண்டுகளில் விலை தாறுமாறாக ஏற, மதிப்பீட்டாளர்கள் புதுக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் வந்த புதிதில் எதிர்வீட்டில் ஓர் அம்மா இருந்தார். கணவரின் ஓய்வூதியம் மட்டும்தான் வருமானம். அந்த ஜூன் மாத வாக்கெடுப்பைப் பற்றி, சுதந்திரம் கிடைத்த நாளைச் சொல்வது மாதிரி சொல்வார்.

வரிக்குதிரை

இரண்டு பேர் சொல்வதும் சரி. சிக்கலே அதில்தான். (வரிக்கணக்குப் போடுவது என் தொழில். பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

ப்ராப் 13 செய்தது ஒரு வேலை அல்ல. முதலில், விகிதத்தை 1 சதவீதத்தில் கட்டிப்போட்டது. அதற்கு முன் மாநிலச் சராசரி 2.67 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கான சில்லறை தனியாகச் சேரும், புதுவீட்டுக்காரன் சீட்டில் எல்லாம் சேர்த்து 1.2 சதவீதமாக வந்திருக்கும். அடுத்து, மதிப்பீட்டை 1975-76 நிலைக்கு இழுத்துக்கொண்டுபோய், அதற்கு மேல் ஆண்டுக்கு 2 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அது என்று வைத்தது. மூன்றாவது, வீடு கைமாறினால் வாங்கிய விலையே புது அடிப்படை மதிப்பு.

பலரும் 2 சதவீதத்தையே பேசுவார்கள். உங்கள் தெருவில் வித்தியாசத்தை உண்டாக்குவது அந்த மூன்றாவது விதி. உங்களுக்கும் அதே 2 சதவீதப் பாதுகாப்பு உண்டு, இருபது ஆண்டு கழித்து உங்களைப் பார்த்து இன்னொருவர் இதே இழையைத் தொடங்குவார். பாதுகாப்பு வீட்டுக்காரருக்கு என்பதைவிட, நகராமல் இருப்பவருக்கு என்று சொன்னால் பொருத்தம்.

உபரித் தகவல்: எப்போதும் 2 ஏறும் என்றில்லை. 2010-11இல் விலைவாசி இறங்கியதால் அடிப்படை மதிப்பே 0.237 சதவீதம் குறைந்தது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

புதுவீட்டுக்காரன்

இது சட்டப்படி சமத்துவத்துக்கு விரோதமில்லையா? யாரும் வழக்குப் போடவில்லையா?

வரிக்குதிரை

போட்டார்கள். நோர்ட்லிங்கர் எதிர் ஹான், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1992. ஸ்டெஃபனி நோர்ட்லிங்கர் 1988இல் லாஸ் ஏஞ்சலிஸில் 1,70,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். பழைய குடியிருப்பாளர்கள் அதே மாதிரி வீட்டுக்குக் கட்டியதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி. 8-1 என்று தோற்றார். புதிதாக வாங்குபவருக்கு வரி எவ்வளவு வரும் என்று முன்பே தெரியும், வேண்டாமென்றால் வாங்காமல் இருக்கலாம். ஏற்கெனவே இருப்பவருக்கு அந்த வசதி இல்லை என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அந்த வாதம் பாதிதான் செரித்தது. வேலை இந்த ஊரில் கிடைத்தவன் வீட்டை வேறு எந்த ஊரில் வாங்குவான்?

டல்லாஸ்வெயில்

டெக்சாஸிலிருந்து ஒரு குரல். எங்களுக்கு வருமான வரி இல்லை என்று பொறாமைப்படுபவர்கள் எங்கள் சொத்து வரிச் சீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். இங்கேயும் வரம்பு உண்டு: குடியிருக்கும் சொந்த வீட்டின் வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஆனால் விகிதம் கல்லில் செதுக்கியது இல்லை. பள்ளி மாவட்டம், கவுன்ட்டி, நகராட்சி எல்லாம் தனித்தனியாக ஆண்டுதோறும் நிர்ணயிக்கும்.

என் அனுபவம்: 2021, 2022இல் சந்தை மதிப்பு எகிறியது. வரம்பு இருந்ததால் வரிக்குரிய மதிப்பு 10, 10 என்று மெல்ல ஏறியது. நல்லது என்று இருந்தேன். 2023இல் சந்தை மதிப்பு இறங்கிவிட்டது, ஆனால் என் வரிக்குரிய மதிப்பு மறுபடியும் ஏறியது! பழைய இடைவெளியை நிரப்பிக்கொண்டிருக்கிறது என்றார்கள். வீட்டு விலை குறைந்த வருடத்தில் மதிப்பீடு ஏறுவதை வீட்டில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த ஆண்டு பள்ளி வரிக்கான விலக்கை 1 லட்சம் டாலராக உயர்த்தினார்களே, அதுதான் கையில் காசாக நின்றது.

சூறாவளிக்காரி

டல்லாஸ், ஃப்ளோரிடாவில் அதே கதை. 1992இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட வரம்பு, 1995இல் நடைமுறைக்கு வந்தது. 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அது. 2008 வாக்கில் இங்கே வீட்டு விலை சரிந்தபோது, சந்தை மதிப்புக்குக் கீழே இருந்த பழைய வீடுகளுக்கு மதிப்பீடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. கத்தாத ஆளில்லை.

எங்களிடம் ஒரு சிறப்பு உண்டு. 2008 முதல், சந்தை மதிப்புக்கும் வரம்புக்குள் நின்ற மதிப்பீட்டுக்கும் இடையே சேர்ந்த வித்தியாசத்தை, 5 லட்சம் டாலர் வரை, மாநிலத்துக்குள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். நாங்கள் ஆர்லாண்டோ பக்கம் மாறியபோது ஒன்றேகால் லட்சத்தை அப்படிக் கொண்டுவந்தோம். அதற்கு முன் நிறையப் பேர் வீடு பற்றாவிட்டாலும் வரிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் ஒரே அறையில் இருக்கும், ஆனால் மாற முடியாது.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன்: எங்களுக்குத் தூக்கிவர ஒரு மூட்டை இருந்தது. முதல் வீடு வாங்கும் என் தம்பிக்கு என்ன இருக்கிறது? அதே தெரு, அதே விலை, அவன்தான் அதிகம் கட்டுகிறான்.

வாடகைவாசி

வீட்டுக்காரர், வீட்டுக்காரர் என்றே பேசுகிறீர்களே, கலிபோர்னியாவில் இந்த வரம்பு வீட்டுக்கு மட்டுமா? வாடகைக்கு விடும் கட்டடம், அலுவலகம், கடை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் உண்டு. நான் இருக்கும் குடியிருப்பின் உரிமையாளர் எண்பதுகளில் வாங்கியவர். அவருக்கு வரி ஏறாததால் எனக்கு வாடகை ஏறாமல் இருந்ததா? ஒவ்வொரு ஆண்டும் சந்தை என்ன தருகிறதோ அதுதான் வாடகை. வணிகச் சொத்துகளை மட்டும் சந்தை மதிப்புக்குக் கொண்டுவர 2020இல் ப்ராப் 15 வந்தது. 52க்கு 48 என்ற கணக்கில் தோற்றது. அதற்கு நான் ஆதரவாக வாக்களித்தேன், என் நண்பர்களில் வீடு வைத்திருந்த எல்லோரும் எதிராக. “அடுத்து நம் வீட்டுக்கு வருவார்கள்” என்ற பயம்.

பழைய_பறவை

அந்தப் பயம் நியாயமானது, வாடகைவாசி. ஒரு செங்கல்லை உருவினால் அடுத்ததும் ஆடும். நானும் எதிராகத்தான் வாக்களித்தேன், மறைக்கவில்லை.

டல்லாஸ்வெயில்

வாரன் பஃபெட் சொன்ன கணக்கை யாராவது நினைவில் வைத்திருக்கிறீர்களா? 2003இல் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஆளுநர் தேர்தலில் நின்றபோது பஃபெட் அவருடைய பொருளாதார ஆலோசகர். ஒமாஹாவில் 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 14,401 டாலர் வரி கட்டுகிறேன், கலிபோர்னியா லகூனா கடற்கரையில் 40 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,264 மட்டும் கட்டுகிறேன் என்று பேட்டி கொடுத்தார். ஆர்னால்டு உடனே, இன்னொரு முறை ப்ராப் 13 பற்றிப் பேசினால் 500 தண்டால் எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டதாக அறிவித்து முடித்துக்கொண்டார்.

வரிக்குதிரை

தண்டால் அல்ல, படுத்து எழும் பயிற்சி. மற்றதெல்லாம் சரி.

டல்லாஸ் சொன்ன “விகிதம் கல்லில் செதுக்கியது இல்லை” என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். வரம்பு என்றால் எல்லோருக்கும் வரி குறையும் என்ற எண்ணம் அங்கேதான் உடைகிறது.

ஒரு சின்ன ஊர், இரண்டே வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 3 லட்சம் டாலர் மதிப்பு. ஊருக்கு 12,000 தேவை. விகிதம் 2 சதவீதம், ஆளுக்கு 6,000. அடுத்த ஆண்டு ஏரிக்கரை வீடு 4.5 லட்சம் ஆகிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு 3.15 லட்சம். ஊரின் தேவை அதே 12,000.

வரம்பு இல்லை என்றால் மொத்த மதிப்பு 7.65 லட்சம், விகிதம் 1.57 சதவீதமாக இறங்கும். ஏரிக்கரை 7,059 கட்டும், தண்டவாளம் 4,941.

இப்போது 5 சதவீத வரம்பு போடுங்கள். இரண்டு வீடும் 3.15 லட்சம் என்றே கணக்கு. இருவரும் 6,000. அதாவது தண்டவாளத்துக்காரருக்கு 1,059 டாலர் நஷ்டம். அவருடைய மதிப்பீடும் “5 சதவீதத்துக்குள்தான்” ஏறியது, வரம்புக்கு அவரும் சந்தோஷமாக வாக்களித்திருப்பார். அவர் சீட்டில் இந்த 1,059 எங்கேயும் எழுதியிருக்காது.

விலை வேகமாக ஏறும் பேட்டையிலிருந்து மெதுவாக ஏறும் பேட்டைக்குச் சுமை நகர்கிறது. பெரும்பாலும் முதலாவது வசதியானவர்கள் இருக்கும் பக்கம். கலிபோர்னியாவில் விகிதம் கட்டப்பட்டிருப்பதால் இது நேரடியாக நடக்காது. அங்கே அரசுக்கு வருமானமே குறையும், அப்புறம் வேறு பெயரில் வசூலாகும்: விற்பனை வரி, மனைக்கு இவ்வளவு என்ற தட்டை வரி, புதுக் கட்டடத்துக்கான கட்டணங்கள். 1982இல் வந்த மெல்லோ-ரூஸ் சட்டப்படி புதுக் குடியிருப்புகளில் தனி வரி. அதைக் கட்டுவதும் புதிதாக வருபவர்தான்.

புதுவீட்டுக்காரன்

தண்டவாளக் கணக்கைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுப் பின்னால் தண்டவாளம்தான் ஓடுகிறது.

சரி, மக்கள் நிஜமாகவே வரிக்காக நகராமல் இருக்கிறார்களா, அல்லது அது கட்டுக்கதையா?

வரிக்குதிரை

நாடா வாசி, மிஷெல் வைட் என்ற இருவர் 2005இல் ஆய்வு வெளியிட்டார்கள். 1970 முதல் 2000 வரை டெக்சாஸ், ஃப்ளோரிடாவோடு ஒப்பிட்டால், கலிபோர்னியா வீட்டுக்காரர்கள் ஒரே வீட்டில் இருக்கும் காலம் சராசரியாக 1.04 ஆண்டு கூடியிருக்கிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சராசரிக்குள் போய்ப் பாருங்கள்: பேக்கர்ஸ்ஃபீல்ட் மாதிரி உள்நாட்டு ஊர்களில் 0.11 ஆண்டு, கடற்கரை நகரங்களில் 2 முதல் 3 ஆண்டு வரை. சலுகை பெரிதாக இருக்கும் இடத்தில் கால் கட்டப்படுகிறது.

பழைய_பறவை

என் காலும் கட்டித்தான் கிடக்கிறது. இரண்டு பேருக்கு நான்கு படுக்கையறை. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. சாக்ரமென்டோ பக்கம் ஒரு தளத்தில் சின்ன வீடு பார்த்தோம், 9 லட்சம் சொன்னார்கள். இந்த வீடு 16 லட்சம் போகும். பணம் இடிக்கவில்லை. வரிதான் இரட்டிப்பாகும் என்று விட்டுவிட்டோம். மகன் சியாட்டிலில் இருக்கிறான். வீட்டை அவனுக்கே எழுதிவைத்தால் பழைய வரியோடு வாடகைக்காவது விட்டுக்கொள்வான் என்று ஒரு எண்ணம்.

வரிக்குதிரை

ஐயா, ஒரு நிமிடம். இரண்டு விஷயமும் மாறிவிட்டது. 2020 நவம்பரில் வந்த ப்ராப் 19 பற்றி யாரும் சொல்லவில்லையா?

முதலில் மகன் விஷயம். 1986 முதல் இருந்த பெற்றோர்-பிள்ளை விலக்கு 2021 பிப்ரவரி 16 முதல் சுருங்கிவிட்டது. உங்கள் மகன் ஓராண்டுக்குள் அந்த வீட்டில் தானே குடியேறினால்தான் பழைய அடிப்படை கிடைக்கும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வாடகைக்கு விட்டால் சந்தை விலைக்கு மதிப்பீடு. உங்கள் காலத்தோடு அந்தச் சலுகை முடிந்தது.

அடுத்தது உங்களுக்கு நல்ல செய்தி. 55 வயது நிறைந்தவர்கள் தங்கள் அடிப்படை மதிப்பை மாநிலத்தில் எந்தக் கவுன்ட்டிக்கும் கொண்டுபோகலாம், வாழ்நாளில் மூன்று முறை. 2021 ஏப்ரல் 1 முதல். முன்பு ஒரே முறை, பெரும்பாலும் அதே கவுன்ட்டிக்குள். புது வீட்டின் விலை விற்ற வீட்டைவிடக் குறைவாக இருப்பதால் உங்கள் பழைய மதிப்பு அப்படியே கூட வரும். இரண்டு ஆண்டுக்குள் வாங்க வேண்டும், விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தானாக நடக்காது.

பழைய_பறவை

மூன்று வருடமாக நான் இது தெரியாமலா இருக்கிறேன்? வீட்டில் சொன்னேன். “அப்போ என் கறிவேப்பிலை மரம்?” என்றாள். அதற்கு எந்தப் புரொப்போசிஷனும் இல்லையாம்.

வாடகைவாசி

ஐயா நகர்ந்தால் நான்கு படுக்கையறை வீடு ஒன்று சந்தைக்கு வரும். எனக்கு எட்டாது, யாரோ ஒருவருக்கு எட்டும். ஆனால் 55க்கு மேல் இருப்பவருக்கு இன்னொரு சலுகை, முப்பது வயதுக்காரருக்கு ஒன்றுமில்லை என்பதும் பதிவாகட்டும். உண்மையில் கஷ்டப்படுபவரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் வருமானத்தைப் பார்த்துத் தள்ளுபடி கொடுக்கலாமே? எதற்கு லகூனா கடற்கரைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

சூறாவளிக்காரி

பல மாநிலங்களில் அது இருக்கிறது. வருமானத்தில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் சொத்து வரி போனால் அரசு ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் விண்ணப்பம், வருமானச் சான்று என்று அலைய வேண்டும். வரம்பு அப்படியில்லை, தானாகவே வேலை செய்யும். அதனால்தான் வாக்குச் சாவடியில் வரம்பு ஜெயிக்கிறது என்று நினைக்கிறேன்.

வரிக்குதிரை

கலிபோர்னியாவிலேயே 62 வயது நிறைந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு வரியைத் தள்ளிப்போடும் திட்டம் மாநிலக் கணக்காயரிடம் உண்டு. வட்டியோடு வீட்டின் மேல் கடனாக நிற்கும், விற்கும்போது கட்டலாம். பழைய_பறவை சொன்ன “விற்றால்தானே காசு” என்பதற்கு நேரான பதில் அதுதான் என்பது என் கட்சி. வரம்பு இருப்பதால் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

புதுச்சாவி

இழைக்கு நடுவில் அவசரக் கேள்வி, மன்னிக்கவும். கலிபோர்னியாவில் 11 லட்சத்துக்கு ஒரு வீடு, அக்டோபர் கடைசியில் பத்திரம் முடிகிறது. கடன் கொடுப்பவர் போட்ட மாதக் கணக்கில் வரி ஆண்டுக்கு 3,840 என்று இருக்கிறது. விற்பவர் கட்டும் தொகையாம். இந்த இழையைப் படித்த பிறகு வயிறு கலங்குகிறது.

புதுவீட்டுக்காரன்

கலங்க வேண்டியதுதான். எனக்கும் அதே மாதிரிதான் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் கவுன்ட்டியிலிருந்து துணை வரிச் சீட்டு என்று ஒன்று வந்தது (விற்றவரின் மதிப்பீட்டுக்கும் நாம் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கான வரி), மார்ச்சில் வாங்கியதால் எனக்கு ஒன்றுக்கு இரண்டு. எஸ்க்ரோ கணக்கிலிருந்து (மாதத் தவணையோடு வரிக்காகக் கடன் கொடுத்தவர் பிடித்துவைக்கும் பணம்) கட்டிவிடுவார்கள் என்று மேசையில் போட்டுவைத்தேன். அது உரிமையாளர் பெயருக்கு நேராக வருமாம், நாம்தான் கட்ட வேண்டுமாம். 10 சதவீத அபராதத்தோடு கட்டினேன்.

வரிக்குதிரை

புதுச்சாவி, கணக்கு இதோ. 3,840 என்றால் விற்பவரின் மதிப்பீடு 3.2 லட்சம் வாக்கில். உங்கள் விலை 11 லட்சம். வித்தியாசம் 7.8 லட்சம், 1.2 சதவீதத்தில் ஆண்டுக்கு 9,360. அக்டோபரில் கைமாறினால் நவம்பர் 1 முதல் ஜூன் 30 வரை கணக்கு, பன்னிரண்டில் எட்டு மாதம், அதற்குரிய விகிதம் 0.67. ஆக 6,270 டாலர் வாக்கில் ஒரு துணைச் சீட்டு, சில மாதம் கழித்து வரும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு முதல் வழக்கமான வரியே 13,000ஐத் தாண்டும் என்று கடன்காரரிடம் இப்போதே சொல்லி மாதத் தவணையைத் திருத்தச் சொல்லுங்கள். குடியேறியதும் வீட்டுக்காரர் விலக்குப் படிவத்தை நிரப்புங்கள், மதிப்பீட்டில் 7,000 கழியும். ஆண்டுக்கு 70 டாலர்தான், இருந்தாலும் விடாதீர்கள்.

புதுச்சாவி

மிக்க நன்றி. விற்பவர் எந்த ஆண்டு வாங்கினார் என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன். 1987.

பழைய_பறவை

அவரிடம் எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள், தம்பி. அங்கே கறிவேப்பிலை வளருமா என்றும்.